ஏர்பேக் விளக்கு அணையும் வரை

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் அதற்கு முன்பே இரண்டு குடும்பங்களில் குப்பை கொட்டியிருந்தது. கரும்பச்சை நிறம், பெரிய உடம்பு. லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டால், விற்றவர் உடனே வேறு பேச்சுக்கு மாறிவிட்டார். அந்த மாடலைச் செய்வதையே கம்பெனி நிறுத்தியிருந்தது. ஆனால் அதில் ஏர்பேக் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் ஏர்பேக் வைத்த கார் திருப்பூரில் பெரிய எக்ஸ்போர்ட்டர்கள் வீட்டில்தான் நிற்கும். என் கணவர் அந்த ஒன்றுக்காகவே அதை வாங்கினார். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் காருக்குள் உட்கார வைத்து, ஸ்டியரிங்கின் நடுவைத் தொட்டுக் காட்டி, "இடிச்சா இதுக்குள்ள இருந்து பலூன் வருமுங்க" என்பார். வந்தவர்கள் மெதுவாக இறங்கி வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

அவருக்குப் பாதுகாப்பு என்றால் உயிர். ஒரு பின்னலாடைக் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் பொறுப்பில் இருந்தார். அதிலும் அவருடைய தனி ராஜ்ஜியம் ஷ்ரிங்கேஜ். பனியன் துணி துவைத்தால் சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. துணியில் ஒரு சதுரம் வரைந்து, துவைத்து, காயவைத்து, மறுபடி அளப்பார். கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கியிருந்தால் மொத்தத் துணியையும் வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுவார். கல்யாணமான புதிதில் என் அம்மா ஆசையாக எடுத்துக்கொடுத்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்வதற்கு முன் துவைத்து அளந்து பார்த்த மனிதர் இவர். அளந்தது போதாதென்று முடிவை அம்மாவிடம் வேறு சொன்னார்.

நான் வீரபாண்டிப் பக்கம் வேறொரு கம்பெனியில் மெர்சண்டைசராக இருந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் யூனிட்டுகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு பெயர். பையரிடம் கோபப்பட முடியாது. யூனிட்காரர்களிடம் கோபப்பட்டால் சரக்கு வராது. அதனால் சேர்த்து வைத்த கோபத்தை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவேன். அவரும் பொறுமையாக வாங்கிக்கொள்வார். காரைத் தவிர மற்ற எல்லா விஷயத்திலும் எங்கள் குடும்பம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

கார் வந்தவுடனேயே நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டேன். அதற்குக் காரணம் மடத்துக்குளத்தில் இருந்த அம்மா. அப்பா போன பிறகு தனியாக இருந்தாள். நான் ஒரே பெண். எங்களோடு வந்து இரு என்றால் வரமாட்டாள். மூட்டுவலி வந்த பிறகு பஸ் ஏறுவதும் நின்றுபோனது. நான் பஸ்ஸில் போவதென்றால் உடுமலையில் மாறி, நின்றுகொண்டே போய், கால் வீங்கிப் போய்ச் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் திரும்பும் பஸ்ஸைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்க வேண்டும். அவரோடு காரில் போனால் இன்னும் மோசம். நல்ல மனிதர்தான், ஆனால் மாமியார் வீட்டு நாற்காலியில் அவருக்கு முதுகு ஒட்டாது. சாப்பிட்ட கை காய்வதற்குள் வாசலில் போய் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு நினைத்தபோது போக வேண்டும், போன இடத்தில் நினைத்த வரை இருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தேவை அந்தக் காரின் சாவி.

சாவியைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வரும். முதலில் பல்லடம் ரோட்டில் லாரி அதிகம் என்றார். அப்புறம் பிரேக் புதுசு, கொஞ்சம் பழகட்டும் என்றார். பிரேக் பழகுவதற்குள் ஸ்டியரிங் கனக்க ஆரம்பித்துவிட்டது. பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய் ஒழுகி, வீட்டு முன்னால் தினமும் ஒரு சிவப்புத் திட்டு விழுந்தது. காரைத் திருப்புவதற்கு ஆட்டுக்கல் சுற்றுவது மாதிரி இரண்டு கையும் போட வேண்டியிருந்தது. "ஸ்டியரிங் சரியாகட்டும் புள்ள" என்றார் அவர், முகத்தில் தெரிந்த நிம்மதியை மறைக்கக்கூட முயற்சி செய்யாமல்.

ஸ்டியரிங் வேலைக்கென்றே பெயர் வாங்கிய மெக்கானிக் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குடும்பத்தில் எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போக, இவர் மட்டும் ஸ்பேனரைப் பிடித்தவர். அடியில் இருக்கும் ஸ்டியரிங் ராக்கை இறக்கி, சீல் மாற்றி, ஒழுகலை நிறுத்திக் கொடுத்தார். வேலை சுத்தம். ஆனால் வேலை நடந்த நாளெல்லாம் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து பார்த்ததில் டிரைவர் சீட் உறை முழுக்க கிரீஸ்.

அந்த உறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கியவை அல்ல. ஊரெல்லாம் துணி ஓடும்போது துணிக்குக் காசு கொடுப்பது எங்கள் ஊரில் அவமானம். நிறம் ஒத்துவரவில்லை என்று பையர் தள்ளிவிட்ட மெரூன் இன்டர்லாக் துணி என் கணவர் கம்பெனியில் கிடந்தது. அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி, தெரிந்த டெய்லரிடம் கொடுத்து, கீழே சுற்றிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். பிரமாதமாக இருந்தன. பெரிய தொப்பி போட்டுக்கொண்டு யாரோ முன்னால் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான்.

ஸ்டியரிங் வேலை முடிந்து கார் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை மத்தியானம், டிரைவர் சீட் உறையைக் கழற்றி ஊறவைக்கப் போனேன். அவர் தடுத்துவிட்டார். "துணி விஷயம். உனக்குத் தெரியாது, நீ தள்ளு." கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு, தானே அலசினார். கம்பெனிக்கு எடுத்துப் போய் அங்கே டிரையரில் போட்டு உலர்த்தியும் வந்துவிட்டார். சாயங்காலம் அதை மாட்டும்போது காருக்குள் இருந்து மல்யுத்தச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. உறையை இழுத்து, அடியில் கையை விட்டு, எலாஸ்டிக்கை எதிலோ கொக்கி மாட்டி, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"முன்ன லொடலொடன்னு கிடந்துச்சு. இப்பத்தான் ஃபிட்டிங் நிக்குது," என்றார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மடத்துக்குளம் கிளம்பினோம். சாவியைத் திருப்பியவுடன் மற்ற விளக்குகள் எல்லாம் வந்து அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை. சிவப்பாக, ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, அவன் முகத்துக்கு நேரே ஒரு பந்து இருப்பது போன்ற படம். அவர் சாவியை அணைத்துப் போட்டார், அணைத்துப் போட்டார். அந்த ஆள் அப்படியே பந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மடத்துக்குளம் வரைக்கும் அவர் ஸ்டியரிங்கைக் கை நீட்டிய தூரத்தில், அது எந்த நேரமும் கடித்துவிடும் என்பதுபோல் பிடித்துக்கொண்டு ஓட்டினார். முகத்தைப் பின்னுக்கு இழுத்து வைத்திருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. சாப்பாடு போடும்போது கழுத்துக்கு என்ன என்று அம்மா கேட்டாள். அவர் விளக்கைப் பற்றிச் சொன்னார். நான் இதுதான் சமயம் என்று சாவிப் பேச்சை எடுத்தேன்.

"ஏனுங்க, ஸ்டியரிங்தான் சரியாயிருச்சே. அடுத்த வாரம் நான் ஓட்டிட்டு வரட்டுங்களா?"

அவர் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவிடமே சொன்னார். "அத்தை, அந்த லைட்டு மட்டும் அணையட்டுமுங்க. அன்னைக்கே சாவிய நானே அவ கையில குடுக்கறேன்."

"அவரே சொல்றாரு, இரு கண்ணு," என்றாள் அம்மா. மாப்பிள்ளை சொன்னால் அவளுக்கு அப்பீல் கிடையாது.

அன்றிலிருந்து அந்தச் சிவப்பு விளக்கு எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் எரிய ஆரம்பித்தது. அது அணைந்தால் நான் மடத்துக்குளம் போகலாம். அணையாவிட்டால் உடுமலை பஸ் ஸ்டாண்டில் நிற்கலாம். என் வாழ்க்கையில் எந்த பையரின் அப்ரூவலுக்கும் நான் அவ்வளவு ஏங்கியதில்லை.

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பது அபூர்வம். நூல் ஓர் இடம், பின்னுவது ஓர் இடம், சாயம் ஓர் இடம். துணி மேற்கொண்டு சுருங்காதபடி ஆவி காட்டி அழுத்தி முன்கூட்டியே சுருக்கி வைக்கும் காம்பாக்டிங் இன்னோர் இடம். தைப்பது வேறோர் இடம். சரக்கில் குறை வந்தால் எல்லோரும் ஒருமனதாக ஒரு வேலை செய்வார்கள்: அதைக் கடைசியாகத் தொட்டவன் யார் என்று பார்த்து அவன் தலையில் போடுவார்கள். கடைசி ஆள் தனக்கு முந்தின ஆளைக் கை காட்டுவான். அப்படியே கை மாறி மாறி, கடைசியில் பருத்தி விளைந்த மண் சரியில்லை என்ற இடத்தில் போய் நிற்கும். ஊர் பழக்கம் ரத்தத்தில் ஊறியது அல்லவா, காருக்கும் அதையே செய்தோம். கடைசியாகத் தொட்டவர் ஸ்டியரிங் மெக்கானிக். நேரே அவரிடம் போனோம்.

"அண்ணாச்சி, நான் அடியில ராக்கை மட்டுந்தான் இறக்கினேன். ஏர்பேக்கு பக்கம் கை போவல, பாத்துக்கிடுங்க," என்றார் அவர். இருந்தாலும் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைத் திறந்து பார்க்கச் சம்மதித்தார். சம்மதித்தவர் எங்கள் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கேட்டார்.

"எதுக்குங்க?"

"வெடிச்சிட்டுன்னா பல்லு மிஞ்சாதுல்லா அண்ணாச்சி."

பக்கத்துக் காலர் நிட்டிங் கடையில் இருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். என் கணவர் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பொறுமையா, பொறுமையா" என்று தைரியம் சொன்னார். ஹெல்மெட்டுக்குள் இருந்து மெக்கானிக் ஏதோ சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. ஏர்பேக் ஒரு சாதுவான மூடிபோல் கழன்று வந்தது. உள்ளே எல்லா வயரும் அதனதன் இடத்தில் இருந்தன. மூடினார், பேட்டரி வயரை மாட்டினார், சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது.

"இது கரண்ட்டு சமாச்சாரம் அண்ணாச்சி. எலக்ட்ரீசியன்ட்ட காட்டுங்க," என்று ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எலக்ட்ரீசியன் எங்கள் பக்கத்துக்காரர், ஊத்துக்குளி ரோட்டில் கடை வைத்திருந்தார். வாய் நிறைய மரியாதையோடு மெக்கானிக் தலையில் பழியைப் போட்டார். ஸ்டியரிங்குக்குள் ஒரு ரிப்பன் வயர் சுருளாக இருக்குமாம். ஸ்டியரிங் எந்தப் பக்கம் சுற்றினாலும் அறுந்துபோகாமல் கூடவே விரிந்து சுருங்குமாம். அடியில் ராக்கைக் கழற்றி வைத்துவிட்டு மேலே ஸ்டியரிங்கை யாராவது சும்மா சுற்றியிருந்தால் சுருள் முறுக்கேறி அறுந்துவிடுமாம்.

"உங்க மெக்கானிக் வெளையாட்டுக்காச்சும் சுத்தியிருப்பாருங்க," என்றார்.

அது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் ஹாரன் வயரும் அதே சுருள் வழியாகத்தான் போகிறது, ஹாரன் நன்றாக அடிக்கிறது என்பதையும் அவரே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, தன் கண்டுபிடிப்பைத் தானே கெடுத்துக்கொண்டதில் கொஞ்சம் வாடிப்போனார். சந்தேகம் தீர ஸ்டியரிங் சக்கரத்தையே கழற்றி, சுருளைத் தனியாக எடுத்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. மறுபடி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார். அதற்கப்புறம் கார் நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங் வலது பக்கம் சாய்ந்திருக்கும். என் கணவரும் அதற்கு ஏற்றபடி சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுவார். எதிரே வருகிறவர்கள் நாங்கள் ஏதோ சந்தில் திரும்பப் போகிறோம் என்று வழி விட்டு நின்றார்கள். விளக்கு மட்டும் நேராக எரிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, எதுக்குங்க இத்தன ரோதன? மீட்டரப் பிரிச்சு அந்த பல்பக் கழட்டிட்டா வேல முடிஞ்சுதுங்க," என்றார் எலக்ட்ரீசியன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விளக்கு அணைந்தால் சாவி தருவதாகத்தானே பேச்சு? எப்படி அணைய வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே. ஆனால் அவருக்கு வந்த கோபம்! தைத்த துணிக்குள் உடைந்த ஊசி இருந்தால் சத்தம் போடும் மெஷின் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. "ஊசி மெஷின் கத்துச்சுன்னா ஊசியத் தேடுவீங்களா, மெஷின அணைச்சுப்போட்டுத் துணியப் பொட்டியில போடுவீங்களா?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஏதாவதொரு கம்பெனியில் ஒரு காலம் இருந்தவர்கள்தான். எலக்ட்ரீசியன் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். அப்படிப் பேசும்போது அவர் மேல் எனக்கு மரியாதையும் வந்தது, கழுத்தை நெரிக்கலாமா என்றும் வந்தது.

கடைசியாகக் கோயம்புத்தூரில் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குப் போனோம். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, டீ கூடக் கொடுத்தார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் வயரைச் செருகி, கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார் பட்டறைக்காரர். இவ்வளவு பழைய மாடல் அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு எண்ணைக் காட்டியது. வேறு கார்களின் கணக்கை வைத்துப் பார்த்து, "டிரைவர் சைடு சர்க்யூட்ல தொடர்பு சரியில்லைங்க" என்றார். டிரைவர் பக்கம் என்றால் ஸ்டியரிங், ஸ்டியரிங் என்றால் ஏர்பேக், ஏர்பேக்கே போயிருக்கும், மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்றார். புதுசு எங்கேயும் கிடைக்காது. இடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில்தான் தேட வேண்டும்.

"இடிபட்ட வண்டியில ஏர்பேக்கு ஏற்கெனவே வெடிச்சிருக்காதுங்களா?" என்று கேட்டேன்.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அந்த வாரம்தான் அம்மா போனில், "வேலையப் பாரு கண்ணு, சும்மா சும்மா வராத, எனக்கென்ன குறை" என்றிருந்தாள். வர வேண்டாம் என்று அவள் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒரு பல்பு. இந்த ஒரு பல்புக்குப் பயந்து நான் பெற்றவளைப் பார்க்காமல் இருக்கிறேன் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

அந்த வருடங்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் கரண்ட் போனால் நான் காரில் போய் உட்கார்ந்துகொள்வேன். சாவியைப் பாதி திருப்பினால் ரேடியோ பாடும். கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, நின்ற காரிலேயே பல்லடம் தாண்டி, குடிமங்கலம் தாண்டிப் போய்க்கொண்டிருப்பேன். நிற்கும் காரை ஓட்டுவதற்கு மட்டும் எனக்கு அனுமதி இருந்தது.

கோயம்புத்தூர் போய்வந்த இரண்டொரு நாளில் அப்படி உட்கார்ந்தேன். அவர் நெடுநெடு உயரம். சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார். வழக்கமாக நான் சீட் நுனிக்கு நகர்ந்து கால் நுனியால் கிளட்சைத் தொடுவேன். அவர் வைத்த சீட்டை நகர்த்தினால் முகம் சுளிப்பார் என்று அப்படி ஒரு பதிவிரதைத்தனம். அன்றைக்கு இருந்த கோபத்தில், யார் முகம் எப்படிச் சுளித்தால் எனக்கென்ன என்று கம்பியைத் தூக்கிச் சீட்டை ஒரே இழுப்பாக முன்னால் கொண்டுவந்து, சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். விளக்குகள் எல்லாம் வந்தன. எல்லாம் அணைந்தன.

எல்லாம். அந்தச் சிவப்பு ஆளையும் பந்தையும் காணோம்.

"ஏனுங்க! இங்க வாங்க! அணைஞ்சிருச்சுங்க!"

அவர் மெழுகுவர்த்தியோடு ஓடி வந்தார். மெழுகுவர்த்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, என்னை இறக்கி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, சாவியை அணைத்துத் திருப்பினார். விளக்கு எரிந்தது.

"எங்க அணைஞ்சுது?"

"நான் பாத்தனுங்க."

"கரண்டு போன இருட்டுல என்னத்தையோ பாத்திருப்ப."

நான் அவரை இறக்கி, சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்து திருப்பினேன். அணைந்தது. அவர் ஏறினார். எரிந்தது. நான் ஏறினேன். அணைந்தது. எதிர்வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் மெழுகுவர்த்தியோடு மாறி மாறிக் காரில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது என்ன வேண்டுதல் என்று கேட்க அவருக்கு வாய் வரை வந்திருக்கும்.

நான் உட்கார்ந்தால் அணைகிறது, இவர் உட்கார்ந்தால் எரிகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. "பாருங்க, வண்டிக்கே தெரியுது, யாரு ஓட்டினா ஆபத்துன்னு," என்றேன். அவர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். சீட்டை முன்னால் இழுத்தார், அணைந்தது; பின்னால் தள்ளினார், எரிந்தது. அப்புறம் வீட்டுக்குள் இருந்து டார்ச் லைட்டைக் கொண்டுவந்து, முழங்காலிட்டு, சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். நானும் அந்தப் பக்கக் கதவைத் திறந்து தலையை விட்டேன்.

அடியில், தரையில் இருந்து சீட்டுக்கு ஒரு வயர்க் கற்றை போனது. நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளக். அந்த வயரின் மேல் மெரூன் உறையின் எலாஸ்டிக் கொக்கி போட்டு உட்கார்ந்திருந்தது. சீட் முன்னால் வந்தால் எலாஸ்டிக் தளர்ந்து வயரை விட்டது. பின்னால் போனால் விறைத்து, வயரைச் சேர்த்து இழுத்து, பிளக்கைப் பாதி பிடுங்கியது. துவைப்பதற்கு முன் அந்த எலாஸ்டிக் லொடலொடவென்று எதையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஏன் அங்கே வந்தது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சீட்டுக்கு அடியில் அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன.

"ஏனுங்க," என்றேன், முடிந்த அளவு பணிவாக. "இந்தத் துணி காம்பாக்டிங் போன துணிங்களா?"

அவர் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தார். பையர் நிறத்திலேயே தள்ளிவிட்ட துணியைக் காசு செலவழித்துக் காம்பாக்டிங்குக்கு யார் அனுப்புவார்கள்? சாயம் போட்ட கையோடு கிடந்த துணி. அதை ஊரிலேயே ஷ்ரிங்கேஜ் தெரிந்த ஒரே ஆள் கொதிநீரில் முக்கி, டிரையரில் உருட்டியிருக்கிறார். நான் சிரித்ததில் தலை சீட் கம்பியில் இடித்துக்கொண்டது. வலித்தும் நிறுத்த முடியவில்லை. அவர் எழுந்துபோய் உள்ளே இருந்து டேப்பைக் கொண்டுவந்தார். துவைக்காமல் இருந்த பக்கத்துச் சீட் உறையை அளந்தார், இதை அளந்தார். மனசுக்குள் வகுத்தார்.

"எவ்வளவுங்க?"

"அத விடு."

"லாட்ட ரிஜெக்ட் பண்ணிரலாங்களா?"

"விடுன்னு சொல்றனல்ல."

அடுத்த நாள் காலையில் எலக்ட்ரீசியன் வந்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளக்கை அழுத்திப் பொருத்தி, எங்கும் சிக்காதபடி வயரைப் பட்டை போட்டுக் கட்டினார். அந்த வயர் ஏர்பேக்குடையதே அல்லவாம். வண்டி மோதினால் சீட் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் ஒரு கருவியினுடையதாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு. உறையை நானே துணிக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வெட்டியதில்லை. கடைசியாகத் தொட்டவன் தலையில் போடுகிற எங்கள் ஊர் வழக்கம் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. கடைசியாகத் தொட்டது யார் என்று எண்ணும்போது நாங்கள் வீட்டு ஆளை விட்டுவிட்டோம், அவ்வளவுதான். மெக்கானிக்கிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சாய்ந்த ஸ்டியரிங்கை நேராக்கிக் கொடுத்தார். ஹெல்மெட் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சேலை மாற்றிக்கொண்டு வந்து கையை நீட்டினேன். அவர் சொன்ன சொல் தவறாதவர். சாவியை எடுத்து என் கையில் வைத்தார். வைத்தவர் அதன் மறு முனையை விடவில்லை.

"விளக்கு அணைஞ்சிருச்சுங்க," என்றேன்.

"தெரியுது."

"அப்பறம் என்னங்க?"

"லைட்டு ஒரு சாக்குதான் புள்ள. எனக்குப் பயம். நீ ரோட்டுல தனியாப் போறத நெனச்சா பல்லடம் ரோட்டு லாரியெல்லாம் கண்ணுக்குள்ள வந்து நிக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நாள், இத்தனை அலைச்சல், இத்தனை பேர் தலையில் பழி, எல்லாம் இந்த ஒரு வரியைச் சொல்லத் தைரியம் இல்லாமலா? "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதுக்குத்தான் சொல்லல," என்றார். கண்ணைப் பார்க்காமல் சாவியை விட்டார். கோபம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது; எதிர்வீட்டுக்காரர் கேட்டருகில் நின்றதால் செய்யவில்லை. தானும் வருவதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பல்லடம் போனதும் ஒரு போன், உடுமலை போனதும் ஒரு போன் செய்தால் போதும் என்றார்.

நான் மடத்துக்குளம் போய்ச் சேரும் வரை என்னைத் தாண்டாத வண்டி இல்லை. தேங்காய் ஏற்றிய டிராக்டர்கூட ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது இரண்டு கையும் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டது போலிருந்தது. சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழக்கப்படி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, டிரைவர் பக்கம் குனிந்து, "வாங்க மாப்பிள்ளை" என்றாள். உள்ளே என்னைப் பார்த்தாள். பக்கத்து சீட்டைப் பார்த்தாள். பின் சீட்டைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்க?"

"வரலம்மா. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

 அம்மா திரும்பி வீட்டுக்குள் போனாள். திட்டப் போகிறாள், அதற்குத்தான் உள்ளே போகிறாள் என்று நினைத்துக்கொண்டு இறங்கப் போனேன். அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியபடி வெளியே வந்தாள். காரைச் சுற்றி வந்து முன் கதவைத் திறந்து, வலிக்கும் காலைக் கையால் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? நான் இப்பத்தான வந்தேன்."

"அமராவதிப் பாலம் வரைக்கும் போலாம். ஆத்துல தண்ணி போகுதாமா. பஸ்ஸு ஏறறத நிறுத்துனதுல இருந்து ஆத்தக் கண்ணால பாக்கல."

"இத்தன தடவ கார்ல வந்தமே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு கூட்டிட்டுப் போயிருப்பாரே?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிக் கண்ணு கேக்கறது, ஆத்தப் பாக்கோணும்னு?"

நான் பாதி திறந்த கதவைச் சாத்தினேன். குனிந்து அவளுக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டேன். கட்டிப்போட்டால் எப்படிப் பார்ப்பது என்று முணுமுணுத்தாள். அவள் காலுக்கு அதிர்ச்சி இல்லாமல், ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்து இறக்கி ஏற்றி மெதுவாகப் போனேன். தெருமுனை தாண்டுவதற்குள் அம்மா ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள்.

"ஏங்கண்ணு இப்படி ஊந்துக்கிட்டுப் போற?" என்றாள். "வெரசாப் போ. எனக்கு ஒண்ணும் பயமில்ல."